தலை திரும்பாத குழந்தையைத் திருப்பும்போது வலிக்குமா?

வயிற்றில் தலை திரும்பாமல் இருக்கும் குழந்தையை வெளியிலிருந்து கையால் திருப்புவதைப் பற்றி, "வலிக்குமா டாக்டர்?" என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "கொஞ்சம் அழுத்தமா இருக்கும்மா, அவ்வளவுதான்." சிலருக்கு உண்மையிலேயே அவ்வளவுதான். சிலருக்கோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை அடக்கும் வலி. யாருக்கு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது. அதைத்தான் நேரடியாகச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. வலி வரலாம் என்று தெரிந்து போகிறவர் அதற்குத் தயாராகப் போகிறார். வலிக்காது என்று நம்பிப் போகிறவர், வலித்ததும் ஏதோ தவறாகிவிட்டது என்று பதறுகிறார். உடம்பு இறுகுகிறது, வயிறும் கல்லாகிறது, குழந்தை இன்னும் திரும்ப மாட்டேன் என்கிறது.

குழந்தை தலையை மேலே வைத்து உட்கார்ந்திருக்கிறது, வயிற்றின் வெளியிலிருந்தே கையால் திருப்பிப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறாரா? மருத்துவமனையில் இதை 'இ.சி.வி.' என்பார்கள். முதல்முறை இதைக் கேள்விப்படுகிறவர்களுக்காக இந்தக் கட்டுரை.

முதலில் உங்கள் நிலை என்ன?

ஏழாம் மாதத்து ஸ்கேனில் 'பிரீச்' (தலை மேலே, பிட்டமோ காலோ கீழே இருக்கும் நிலை) என்று எழுதியிருந்தால் அன்றைக்கே தூக்கம் கெட வேண்டாம். 28 வாரத்தில் ஏறக்குறைய நான்கைந்து குழந்தைகளில் ஒன்று அப்படித்தான் இருக்கும். இடம் இருக்கும்வரை குழந்தை நீந்தித் திரும்பிக்கொண்டே இருக்கும். மாதம் நிறைவடையும்போது அப்படியே தங்கிவிடுவது நூறில் மூன்று அல்லது நான்கு குழந்தைகள்தான். ஆகவே இந்தப் பேச்சு உண்மையில் தொடங்குவது 36 வாரத்தில்.

அப்போதும் தலை மேலேயே இருந்தால், ஸ்கேன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு விஷயங்களைக் கேளுங்கள். குழந்தை கால்களை எப்படி வைத்திருக்கிறது? சம்மணம் போட்டதுபோல் மடக்கி வைத்திருந்தால் திருப்புவது கொஞ்சம் எளிது. இரண்டு காலையும் நேராக மேலே நீட்டிப் பாதத்தை முகத்தருகே வைத்திருந்தால் உடம்பு வளையாது, திருப்புவதும் கடினம். நஞ்சுக்கொடி முன்பக்கமா, பின்பக்கமா? பின்பக்கம் இருந்தால் மருத்துவரின் கைக்குக் குழந்தை நன்றாகப் பிடிபடும். பனிக்குட நீர் போதுமான அளவு இருக்கிறதா? குழந்தையின் பிட்டம் இடுப்பெலும்புக் குழிக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டதா? இந்தக் கடைசிக் கேள்விதான் வலியோடும் நேரடியாகத் தொடர்புடையது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எதற்காகத் திருப்ப வேண்டும்?

தலை திரும்பாத குழந்தைக்கு மூன்று வழிகள் உண்டு. திருப்பிப் பார்க்கலாம். திட்டமிட்டு சிசேரியன் செய்யலாம். அல்லது அதே நிலையிலேயே யோனி வழியாகப் பிரசவிக்கலாம்.

மூன்றாவது வழி இன்று பல மருத்துவமனைகளில் பேச்சிலேயே வராது. 2000-ஆம் ஆண்டில் 26 நாடுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு வெளியானது. திட்டமிட்ட சிசேரியனில் பிறந்த குழந்தைகளில் இறப்பும் கடுமையான பாதிப்பும் 1.6 சதவீதம், பிரீச் நிலையிலேயே பிரசவிக்கத் திட்டமிட்டவர்களில் 5 சதவீதம் என்று அது சொன்னது. உலகம் முழுக்க மருத்துவமனைகள் சிசேரியன் பக்கம் சாய்ந்தன. அதே ஆய்வில் கலந்துகொண்ட குழந்தைகளில் ஒரு பகுதியினரை இரண்டு வயதில் மறுபடி பார்த்தபோது, இறப்பிலும் மூளை வளர்ச்சியிலும் இரு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அதற்குள் பிரீச் பிரசவம் பார்த்துப் பழகிய கைகள் குறைந்துவிட்டன. அனுபவமுள்ள மருத்துவர் இருக்கும் இடங்களில் இந்த வழி இன்னும் திறந்தே இருக்கிறது. கேட்பதில் தவறில்லை.

திருப்பும் முயற்சி வெற்றி பெற்றால் சிசேரியன் தேவைப்படும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. அடுத்தடுத்துக் குழந்தை பெற நினைப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. அதற்காக, திருப்பியபின் சுகப்பிரசவம் உறுதி என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தானாகவே தலை திரும்பிய குழந்தைகளோடு ஒப்பிட்டால், இப்படித் திருப்பப்பட்ட குழந்தைகளுக்குப் பிரசவ நேரத்தில் சிசேரியனோ ஆயுதப் பிரசவமோ (கருவி வைத்துக் குழந்தையை எடுப்பது) தேவைப்படுவது சற்று அதிகம்.

வெற்றி வாய்ப்பு எவ்வளவு?

மொத்தமாகப் பார்த்தால் பாதிக்குப் பாதி. தலைப்பிரசவம் என்றால் நூறில் நாற்பது, ஏற்கெனவே பிரசவித்தவர் என்றால் நூறில் அறுபது என்பது பொதுவான கணக்கு. செய்பவரின் அனுபவமும் இதில் சேரும். அதனால், "உங்கள் கையில் எத்தனை பேருக்குத் திரும்பியிருக்கிறது?" என்று கேட்கத் தயங்காதீர்கள். நல்ல மருத்துவர் இந்தக் கேள்வியைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

தலைப்பிரசவக்காரர்களுக்கு 36 வாரத்திலிருந்தும், மற்றவர்களுக்கு 37 வாரத்திலிருந்தும் செய்வது வழக்கம். சில இடங்களில் எல்லோருக்கும் 37 என்று வைத்திருக்கிறார்கள். சீக்கிரம் செய்தால் குழந்தை மறுபடி பழைய இடத்துக்கே போய்விடலாம். அதோடு, ஏதாவது சிக்கல் வந்து உடனே பிரசவிக்க வேண்டி வந்தால் குழந்தை முதிர்ந்திருக்க வேண்டும். தாமதித்தால் இடம் குறைந்துவிடும்.

யாருக்குச் செய்யக்கூடாது?

நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடியிருந்தால், வேறு காரணத்துக்காக எப்படியும் சிசேரியன்தான் என்று முடிவாகியிருந்தால், பனிக்குடம் உடைந்திருந்தால், கடந்த ஒரு வாரத்துக்குள் ரத்தப்போக்கு இருந்திருந்தால், குழந்தையின் இதயத்துடிப்புப் பதிவு சரியில்லையென்றால் செய்ய மாட்டார்கள். இரட்டைக் குழந்தைகளிலும், முதல் குழந்தை பிறக்கும்வரை இதற்கு இடமில்லை. முன்பு ஒரு சிசேரியன் ஆனவர்களுக்கு அறவே கூடாது என்பதில்லை. அது தனித்தனியாகப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

ஆபத்து என்று பார்த்தால், திருப்பிய கையோடு அவசர சிசேரியனுக்குப் போக நேர்வது இருநூறு பேரில் ஒருவருக்கு. குழந்தையின் துடிப்பு குறைந்து மீளாமல் இருப்பது, நஞ்சுக்கொடியிலிருந்து ரத்தம் கசிவது போன்றவையே காரணம். எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் அந்த ஒருவருக்காகத்தான் அறுவை அரங்கு பக்கத்திலேயே தயாராக இருக்கும் இடத்தில் மட்டும் இதைச் செய்ய வேண்டும். வீட்டில் யாராவது "நான் நீவியே திருப்பிவிடுகிறேன்" என்று வந்தால், எவ்வளவு நெருங்கிய உறவானாலும் மரியாதையாக மறுத்துவிடுங்கள். ஸ்கேனும் துடிப்புப் பதிவும் இல்லாமல் வயிற்றை அழுத்துவது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை.

முட்டி போட்டு இடுப்பை உயர்த்தி வைப்பது, தலைகீழாகச் சாய்வது போன்ற பயிற்சிகளால் குழந்தை திரும்புகிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. மருத்துவர் தடுக்காதவரை செய்து பார்ப்பதில் பெரிய கெடுதலும் இல்லை. காலின் சுண்டுவிரல் ஓரத்தில் மூலிகைச் சூடு காட்டும் சீன முறைக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. அதுவும் 33 முதல் 35 வாரத்துக்குள், பயிற்சி பெற்றவர் வழிகாட்டினால்தான்.

போவதற்கு முன்னால் வலியைப் பற்றிப் பேசி முடியுங்கள்

இந்தப் பேச்சை மேசையில் படுத்தபிறகு வைத்துக்கொள்ளாதீர்கள். முந்தைய சந்திப்பிலேயே, உட்கார்ந்து, முகம் பார்த்துப் பேசுங்கள். இப்படிக் கேட்கலாம்:

"உங்களிடம் செய்துகொண்டவர்களில் ரொம்ப வலித்தது என்று சொன்னவர்கள் உண்டா? அவர்களுக்கு என்ன செய்தீர்கள்?"

"நான் நிறுத்துங்கள் என்றால் உடனே கையை எடுத்துவிடுவீர்களா?"

"வலிக்கு என்ன கொடுப்பீர்கள்? எதுவும் கொடுக்காமல்தான் தொடங்குவீர்களா?"

இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலை உன்னிப்பாகக் கவனியுங்கள். "உடனே எடுத்துவிடுவேன்" என்பது மட்டுமே சரியான பதில். "கொஞ்சம் பொறுத்துக்கிட்டா முடிஞ்சிடும்" என்று வந்தால் இன்னொரு முறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டதால் நடுவில் நிறுத்தும் உரிமை போய்விடாது. வலியில் நீளமாகப் பேச வராது. "நிறுத்து" என்ற ஒரே சொல்லையோ, கையை உயர்த்துவதையோ முன்பே பேசி வையுங்கள். கூட வரும் கணவரிடமும் அம்மாவிடமும் சொல்லி வையுங்கள். இல்லையென்றால் அவர்களே "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

வலி நிவாரணம் இடத்துக்கு இடம் மாறும். பல இடங்களில் கர்ப்பப்பையைத் தளர்த்தும் ஊசி மட்டும் போடுவார்கள். அது வலி மருந்து இல்லை. ஆனால் கர்ப்பப்பை இறுகாமல் இருப்பதால் வெற்றி வாய்ப்பு கூடுகிறது. சில இடங்களில் பிரசவ நேரத்தில் கொடுக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை மூச்சிழுக்கக் கொடுப்பார்கள். சில இடங்களில் முதுகில் மரத்துப்போகும் ஊசி உண்டு. தளர்த்தும் மருந்தோடு சேர்த்து முதுகு ஊசியும் போட்டால் வெற்றி அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனாலும் எல்லோருக்கும் அதைப் போடுவதில்லை. வலி தெரியாதபோது அளவுக்கு மீறி அழுத்திவிடுவோமோ என்ற தயக்கம் சில மருத்துவர்களுக்கு உண்டு. முதல் முயற்சியில் வலி தாங்காமல் நிறுத்தியிருந்தால், முதுகு ஊசியோடு இன்னொரு நாள் முயலலாமா என்று கேளுங்கள்.

அன்றைக்கு என்னென்ன நடக்கும்?

சாப்பிட்டுவிட்டு வரலாமா, வெறும் வயிற்றில் வர வேண்டுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தளர்வான ஆடை போதும். ரத்த வகை அறிக்கை கையில் இருக்கட்டும்.

போனதும் முதல் வேலை ஸ்கேன். குழந்தை இரவோடு இரவாகத் தானே திரும்பியிருந்தால் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்துவிடலாம். இல்லையென்றால் வயிற்றில் பட்டை கட்டி, குழந்தையின் இதயத்துடிப்பை இருபது நிமிடமாவது பதிவு செய்வார்கள். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வார்கள். இதை ஏனோதானோவென்று செய்யாதீர்கள், நிறைந்த சிறுநீர்ப்பைமேல் அழுத்தம் விழுந்தால் வேதனை கூடும்.

அப்புறம் தளர்த்தும் ஊசி, பெரும்பாலும் கையில் தோலுக்கடியில் போடுவார்கள். டெர்பூட்டலின் என்ற மருந்தென்றால் சில நிமிடங்களில் நெஞ்சு படபடவென்று அடிக்கும், விரல் நடுங்கும். பயத்தால் அப்படி ஆகிறது என்று பலர் தங்களையே நொந்துகொள்கிறார்கள். அது மருந்தின் வேலை, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். இதயக் கோளாறு, தைராய்டு, கட்டுப்படாத சர்க்கரை இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

இடதுபக்கம் லேசாகச் சாய்த்து, தலைப்பக்கம் கொஞ்சம் தாழ்த்திப் படுக்க வைப்பார்கள். முழங்காலை மடக்கி வைத்துக்கொண்டால் வயிற்றுத் தசை தளரும். வயிற்றில் ஜெல்லோ எண்ணெயோ தடவுவார்கள். தோல் உராய்ந்து எரியாமல் இருக்க இது உதவும். போதவில்லை என்று தோன்றினால் இன்னும் தடவச் சொல்லுங்கள்.

இனி கைவேலை. மருத்துவர் உங்கள் அடிவயிற்றில், இடுப்பெலும்புக்கு மேலே, இரண்டு கை விரல்களையும் ஆழமாக இறக்கிக் குழந்தையின் பிட்டத்தைப் பிடித்து மேலே தூக்குவார். பிட்டம் குழியிலிருந்து வெளியே வந்ததும் ஒரு கை அதைப் பக்கவாட்டில் தள்ளும். மறு கை விலாவுக்குக் கீழே இருக்கும் தலையை எதிர்த்திசையில் கீழே அழுத்தும். குழந்தை முன்பக்கமாகக் குட்டிக்கரணம் அடிக்க வேண்டும். மறுத்தால் பின்பக்கமாக முயல்வார்கள். சிலசமயம் இரண்டு பேர் சேர்ந்து செய்வார்கள். ஒவ்வொரு முயற்சியும் சில நிமிடங்கள்தான். நடுநடுவே நிறுத்திக் குழந்தையின் துடிப்பைப் பார்ப்பார்கள். துடிப்பு சற்றுக் குறைந்து ஓரிரு நிமிடங்களில் மீள்வது சகஜம். அந்த நேரத்தில் அறை அமைதியாகி எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். "என்ன ஆச்சு?" என்று வாய்விட்டுக் கேளுங்கள், சொல்வார்கள்.

வலி எங்கே, எப்படி?

மேலே சொன்ன வேலையில் அதிகமாக வலிப்பது பெரும்பாலும் முதல் அடிதான், அதாவது பிட்டத்தைக் குழியிலிருந்து தூக்குவது. விரல்கள் ஆழமாகப் போக வேண்டியிருக்கிறது, அந்த இடத்தில் அதிகச் சதையும் இல்லை. குழந்தை நன்றாக இறங்கி உட்கார்ந்திருந்தால் இன்னும் ஆழமாகப் போக வேண்டும். ஸ்கேன் கேள்விகளில் கடைசியை முக்கியம் என்று சொன்னது இதற்காகத்தான். அடுத்தது விலாவுக்குக் கீழே தலையை அழுத்தும்போது வருவது. மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும். மூன்றாவதாக, ஒரே இடத்தில் கை திரும்பத் திரும்ப உரசுவதால் வரும் தோல் எரிச்சல்.

பிரசவ வலியிலிருந்து இது வேறுபட்டது. அது தானாக ஏறி தானாக இறங்கும். இது கை இருக்கும்வரை இருக்கும், கையை எடுத்ததும் போய்விடும். எல்லைகள் தெரிந்த வலி என்பதால் தாங்க முடிந்தது என்று பலர் சொல்கிறார்கள். இன்னொருவர் கையால் வலிக்கிறது என்பதாலேயே தாங்க முடியவில்லை என்பவர்களும் உண்டு. இரண்டுமே உண்மைதான். குழந்தை திரும்பியவர்கள் வலியைக் குறைவாகவும், திரும்பாதவர்கள் அதிகமாகவும் சொல்வதைக் கவனித்திருக்கிறார்கள். திரும்பாத குழந்தையிடம் அதிக நேரமும் அதிக அழுத்தமும் செலவாகிறது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். பட்ட பாட்டுக்குப் பலன் கிடைத்தால் வலி மறக்கும் என்பதும் இருக்கலாம். ஆகவே தோழி ஒருத்தி "ஒண்ணுமே தெரியல" என்றால் அவளுக்கு என்ன நடந்தது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படுத்திருக்கும்போது செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: மூச்சை அடக்காதீர்கள். அடக்கினால் வயிற்றுத் தசை இறுகும், மருத்துவர் இன்னும் அழுத்த வேண்டிவரும். வாய் வழியாக மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். முனகுங்கள், கத்துங்கள், அதில் வெட்கம் எதற்கு? "எட்டு மாசம் சுமந்தவளுக்கு இது தாங்காதா?" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஒருவர் எவ்வளவு தாங்கினார் என்பதை வைத்து நல்ல தாயா என்று அளக்கும் பழக்கம் யாருக்கும் உதவியதில்லை.

ஒரு வலியை மட்டும் தனியாகப் பிரித்துப் பாருங்கள். கையை எடுத்த பிறகும் போகாமல், வயிறு கல்போல் இறுகியே இருந்து வலித்தால், அது நஞ்சுக்கொடி பிரிவதன் அறிகுறியாக இருக்கலாம். "அழுத்தியதால் வந்த வலிதானே" என்று நீங்களாக முடிவு செய்யாமல் உடனே சொல்லுங்கள்.

முடிந்த பிறகு

துடிப்பை மறுபடி அரை மணி நேரமாவது பதிவு செய்வார்கள். உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால், குழந்தையின் ரத்தம் கொஞ்சம் உங்கள் ரத்தத்தில் கலந்திருக்கக்கூடும் என்பதால் ஆன்டி-டி ஊசி (அந்த ரத்தத்துக்கு எதிராக உங்கள் உடம்பு வேலை செய்யாமல் தடுப்பது) தேவைப்படும். 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அவர்கள் மறந்தாலும் நீங்கள் நினைவுபடுத்துங்கள்.

பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம். ஓரிரு நாட்கள் வயிறு தொட்டால் வலிக்கும், சில இடங்களில் கன்றியும் இருக்கும். எந்த வலி மாத்திரை போடலாம் என்று கேட்டுக்கொண்டே கிளம்புங்கள். வீட்டிலிருக்கும் மாத்திரைகளில் சில கடைசி மாதங்களில் ஆகாதவை. ரத்தம் பட்டாலோ, நீர் கசிந்தாலோ, விட்டுவிட்டு வலி தொடங்கினாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, நேரம் காலம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அசைவு வேறு இடத்தில் தெரியும் என்பதை மட்டும் எதிர்பாருங்கள். அடிவயிற்றில் உதைத்த கால் இப்போது விலாவில் உதைக்கும்.

திரும்பிய குழந்தை மறுபடி பழைய நிலைக்குப் போவது நூறில் ஐந்துக்கும் குறைவு. திரும்பாத குழந்தை பிறகு தானாகத் திரும்புவதும் அபூர்வம், ஆனால் நடக்காததில்லை. திரும்பவில்லையென்றால் அன்றே அடுத்த முடிவை எடுத்துவிட வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. வலியும் ஏமாற்றமும் சேர்ந்த நேரத்தில் சிசேரியன் தேதி குறிக்கப் பலருக்கு மனம் ஒப்பாது. இரண்டு நாள் கழித்து வந்து பேசுகிறோம் என்று சொல்லலாம்.

சிசேரியனுக்குத் தேதி குறித்தவர்கள், அன்று காலை அரங்குக்குள் போகும் முன் இன்னொரு ஸ்கேன் கேளுங்கள். குழந்தை கடைசி நேரத்தில் திரும்பியிருந்தால் அறுவையே தேவைப்படாமல் போகலாம்.

பிறந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கடைசி மாதத்தில் பிரீச் நிலையில் இருந்த குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் இருக்கும் வாய்ப்பு மற்ற குழந்தைகளைவிட அதிகம். பிறந்ததும் மூட்டைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறு வாரம் ஆகும்போது இடுப்புக்கு ஒரு ஸ்கேன் எடுக்கலாமா என்றும் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். வெளியிலிருந்து திருப்பி, தலை வழியாகவே பிறந்த குழந்தையாக இருந்தாலும் இது பொருந்தும். தலை முதலில் வந்துவிட்டதால் பிரீச்சாக இருந்த கதையை வீட்டில் யாரும் சொல்வதில்லை, குழந்தை மருத்துவருக்கும் தெரியாமல் போகிறது. முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.